முத்துக் கரையில் ஒரு சிறு அணிகலத் தொழில்

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, கிணறு, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவையே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. அணிகலன் செய்யும் தொழிலைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். "அது ஆடம்பரமன்றோ?" என்றும் வினவக்கூடும். ஆனால், நிலம் இல்லாத குடும்பத்திற்கு, பெரிய முதலீடு செய்ய இயலாத குடும்பத்திற்கு, ஒரு மேசையும் சில கருவிகளும் பழகிய கையும் இருந்தால் நடத்தக்கூடிய தொழில்கள் மிகச் சிலவே. அவற்றுள் அணிகலத் தொழில் ஒன்று. அது வாழ்வதற்கும் வீழ்வதற்கும் உரிய காரணங்களை உடன்குடி வட்டாரத்தைச் சேர்ந்த குலசேகரன்பட்டினத்தில் நாம் நேரில் கண்டவற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல் கொடுத்தது

தூத்துக்குடிக் கடற்கரைக்கு முத்துக்குளித் துறை என்ற பெயர் ஏற்பட்டு நெடுங்காலமாயிற்று. பாண்டியரின் துறைமுகமான கொற்கையிலிருந்து முத்து மேனாடுகளுக்குச் சென்றதைக் கிரேக்க, உரோமானிய ஆசிரியர்கள் குறித்திருக்கின்றனர். 1968-69-ஆம் ஆண்டுகளில் தமிழகத் தொல்பொருள் துறையினர் கொற்கையில் அகழாய்வு செய்தனர். அறுத்த சங்கின் துண்டுகள் அவ்வூர் மண்ணில் கிடைத்துள்ளன. ஆகவே, இக்கரையில் அன்று கடற்பொருளை எடுத்தவர்கள் மட்டுமல்லாமல், அதை அறுத்தும் இழைத்தும் அணியாக்கியவர்களும் வாழ்ந்தனர் என்பது தெளிவு.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. முத்துச் சலாபம் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடைபெற்றது. அதன் பின்னர் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பிகள் பெருகவில்லை. 1973-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் சிப்பியினுள் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினர். அறிவியல் துறையில் அது பெரும் வெற்றி. எனினும், கரையோரக் குடும்பங்களின் அன்றாடப் பிழைப்பாக அது இன்னும் பரவவில்லை.

சங்கின் கதை வேறு. சங்கு குளிப்போர் தூத்துக்குடிக் கரையில் இன்றும் உள்ளனர். ஆனால் அவர்கள் எடுத்த சங்கு நெடுங்காலமாக மூட்டை மூட்டையாக வங்காளத்திற்கே சென்று வந்திருக்கிறது. அங்கே மணமான பெண்கள் வெண்சங்கு வளையல் அணிவது மங்கல வழக்கம். விஷ்ணுபூர் போன்ற ஊர்களின் கைவினைஞர்கள் நம் கடற் சங்கை அறுத்து, செதுக்கி, மெருகிட்டு, அதன் மதிப்பைப் பன்மடங்காக உயர்த்துகின்றனர். மூழ்கி எடுப்பவனுக்குக் கிடைப்பது மூலப்பொருளின் விலை. செதுக்குபவனுக்குக் கிடைப்பது வேலைப்பாட்டின் விலை. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையே கிராமக் கைத்தொழிலின் முதற் பாடமாகும்.

பழைய வணிகரின் கணக்கு

சலாப காலத்து வணிகர்கள் முத்தை மதிப்பிட்ட முறையை இன்றைய சிறு தொழில் செய்வோரும் அறிந்திருப்பது நன்று. முதலில் முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். ஒன்றினும் ஒன்று நுண்ணிய துளைகளை உடைய பல சல்லடைகள் வரிசையாக இருக்கும். இவ்வாறு அளவு பிரித்த பின்னர், உருவமும் ஒளியும் நோக்கித் தரம் பிரிப்பார்கள். முழு உருண்டையும் குறையற்ற ஒளியும் உடையது ஆணி. அதற்கு அடுத்தது அணதாரி. இவ்வாறு இறங்கி, குறவல், கலிப்பு, பீசல், தூள் எனப் பல தரங்கள் உண்டு. தூளைக்கூட அவர்கள் வீசி எறியவில்லை. அது மருந்துக்கு விற்பனையாயிற்று.

விலை கூறுவதற்கு அவர்கள் கையாண்ட கணக்கின் அடிப்படை, எடையை அதே எடையால் பெருக்கி, முத்துக்களின் எண்ணிக்கையால் வகுப்பதாகும். இதன்படி, ஒரே தரமுடைய இரு முத்துக்களில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்கு எடையுள்ளதாயின், அதன் மதிப்பு இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். பெரிய முத்து அரிதாகக் கிடைப்பது என்ற உண்மையை அவர்கள் கணக்கிலேயே அமைத்து வைத்தனர். பொருளைக் கண்டபடி குவித்து ஒரே விலைக்கு விற்பவன் தன் நல்ல சரக்கையும் மட்டமான சரக்கின் விலைக்கே கொடுத்துவிடுகிறான். தரம் பிரித்தல் வேலைக்கு முன் செய்யும் வீண் வேலையன்று. இலாபம் அங்கேதான் தொடங்குகிறது.

துளையிடும் முறையும் குறிப்பிடத்தக்கது. மரக்கட்டையின் தட்டையான மேற்பரப்பில் சிறு குழிகள் இருக்கும். முத்தைக் குழியில் பொருத்தி, வில்லால் சுழலும் துளைக்கருவியை வலக்கையால் இயக்குவான் தொழிலாளி. அருகிலுள்ள சிரட்டை நீரில் சுண்டுவிரலை நனைத்து, துளை விழும் இடத்தைக் குளிரச் செய்துகொண்டே இருப்பான். நீர் வற்றினால் முத்து சூடேறி விரியும். இன்று மின்துளைக் கருவி வந்துவிட்டது. ஆனால் நீரும் பொறுமையும் இன்றும் வேண்டும்.

ஒரு சகோதரியின் தொழிற்கூடம்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராத் திருவிழாவை அறியாதார் தென்பாண்டி நாட்டில் இலர். விரதம் பூண்ட பக்தர்கள் காளி, முருகன், அனுமன், அரசன், குறவன் எனப் பலவகை வேடம் புனைந்து காணிக்கை திரட்டி வருவர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நடைபெறும். இவ்வேடங்களுக்கு வேண்டிய கிரீடம், நெற்றிப் பட்டை, மார்புப் பதக்கம், வங்கி, ஒட்டியாணம் முதலியவற்றைச் செய்து பிழைக்கும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் உள்ளன. அவற்றுள் ஒன்றை நாம் சில ஆண்டுகளாக அறிவோம்.

குடும்பத் தலைவர் கடல் தொழிலாளி. அணி செய்பவர் அவருடைய மனைவி. மாமனாரிடம் இக்கலையைக் கற்றவர். அட்டை, தகரம், ஜிகினா, கண்ணாடிக் கல், பசை இவையே அவருடைய மூலப்பொருள்கள். அவருடைய கிரீடத்தை நாம் கையில் எடுத்தபோது அதன் எடை குறைவாயிருந்தது கண்டு வியந்தோம். அதற்கு அவர் கூறிய விளக்கம் மனத்தில் பதிந்தது. "காளி வேடம் போட்டவர் இதைத் தலையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஆடுவார், ஐயா. கனமாயிருந்தால் கழுத்து தாங்காது. ஓரம் கூராயிருந்தால் நெற்றி கிழியும். அதனால் தகரத்தின் விளிம்பை மடித்துத் துணி ஒட்டுகிறேன். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது கல். போடுபவருக்குத் தெரிவது அந்தத் துணி."

அணிகலக் கலையின் தத்துவம் முழுவதும் இச்சொற்களில் அடங்கியுள்ளது எனலாம். அணி என்பது உடலில் தங்க வேண்டிய பொருள். கண்ணுக்கு அழகாயிருந்து உடலுக்கு உறுத்தலாயிருப்பதை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கமாட்டார்.

இத்தொழிலுக்குப் பெரும் சோதனை 2020-ஆம் ஆண்டில் வந்தது. பெருந்தொற்றின் காரணமாகத் தசரா கடுமையான கட்டுப்பாடுகளுடன் நடந்தது. அடுத்த ஆண்டும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. ஆடி மாதத்தில் வட்டிக்குக் கடன் வாங்கி, கல்லும் ஜிகினாவும் வாங்கிச் செய்து அடுக்கிய கிரீடங்கள் வீட்டின் பரணில் கிடந்தன. கடற்காற்றின் ஈரத்தில் பசை விட்டது, தகரம் துருவேறியது. வட்டி மட்டும் வளர்ந்தது. தாலியில் இருந்த பொன் குண்டுகளை அடகு வைத்து வட்டிக்காரரின் வாயை அடைத்ததாக அவர் பின்னர் நம்மிடம் கூறினார். பிறருக்கு அணி செய்து கொடுப்பவர் தம் அணியை இழந்து நின்றார்.

ஆண்டில் பத்து நாள் சந்தையை மட்டும் நம்பிய தொழில் அது. அந்தப் பத்து நாளும் பொய்த்தபோது தாங்கிக்கொள்ள வேறு தூண் இல்லை.

நாம் செய்த பிழை

இங்கே நம்முடைய பிழை ஒன்றையும் மறைக்காமல் கூறுதல் முறையாகும். முன்னர் நாம் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில், மகளிர் சுய உதவிக் குழுவினருக்கு அணிகலன் செய்யும் பயிற்சி ஒன்றை முன்னின்று நடத்தினோம். பயிற்சி நன்றாகவே நடந்தது. சான்றிதழ் வழங்கினோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தபோது கருவிப் பெட்டிகள் பூட்டியபடி இருந்தன. அனைவரும் ஒரே வகை மாலையை ஒரே ஊரில் விற்க முயன்றிருந்தனர். மணி கோக்கக் கற்பித்த நாம், விலை கட்டக் கற்பிக்கவில்லை. வாங்குபவர் யார் என்று கேட்கவும் இல்லை. குலசேகரன்பட்டினத்துச் சகோதரி நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது, கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும் என்று உறுதி கொண்டோம்.

கூலியும் ஒரு செலவே

அவர் அப்போது சிப்பித் துண்டுகளையும் நன்னீர் முத்துக்களையும் கோத்து மாலை செய்யத் தொடங்கியிருந்தார். "ஒரு மாலைக்கு 280 ரூபாய் செலவாகிறது. 400 ரூபாய்க்கு விற்கிறேன். 120 ரூபாய் இலாபம்" என்றார். ஒரு மாலை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம். தரம் பிரித்தல், துளையிடல், கோத்தல் எல்லாம் சேர்த்து 3 மணி நேரம் என்றார். அவர் முன்னிலையிலேயே கணக்கை எழுதினோம்.

முத்து, சிப்பி, நூல், கொக்கி ஆகியவை 280 ரூபாய். உடைவதற்கும் கழிவதற்கும் அதில் பத்தில் ஒரு பங்கு, 28 ரூபாய். கருவித் தேய்மானம், மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றிற்கு 30 ரூபாய். ஆக 338 ரூபாய். 400 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுவது 62 ரூபாய். அதை 3 மணி நேரத்திற்குப் பங்கிட்டால், மணிக்கு 20 ரூபாய்க்குச் சற்று மேல். அவர் இலாபம் என்று எண்ணியது இலாபமன்று, மிகக் குறைந்த கூலியே ஆகும்.

"எனக்கு நானே எப்படிக் கூலி கொடுத்துக்கொள்வது, ஐயா?" என்று அவர் கேட்டார். "நாளை உங்களுக்குக் காய்ச்சல் வந்து வேறொருவரை வைத்துச் செய்தால், அவருக்குக் கொடுக்க மாட்டீர்களா, அம்மா?" என்றோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கணக்கு நோட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு கிழித்து, அதன் தலைப்பில் 'கூலி' என்று எழுதினார்.

மணிக்கு 60 ரூபாய் வீதம் கூலி 180 ரூபாய் சேர்த்தால் அடக்க விலை 518 ரூபாய். அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு இலாபம் வைத்தால் சுமார் 622 ரூபாய். கடைக்காரர் விற்பனை விலையில் கால் பங்கைத் தரகாக எடுத்துக்கொள்வாராயின், நம் கைக்கு 622 ரூபாய் வருவதற்குக் கடையில் 830 ரூபாய் என்று விலை குறிக்க வேண்டும். இந்த எண்கள் ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் பொருள், கழிவு, தேய்மானம், கூலி, இலாபம், தரகு என்ற வரிசை மாறாது.

அந்த விலைக்கு வாங்குவார் உண்டா என்பது அடுத்த வினா. இல்லையாயின் மூன்று வழிகளே உள்ளன. வேலை நேரத்தைக் குறைக்கும் வடிவத்தை அமைக்கலாம். அல்லது, வாங்கத்தக்கவர் இருக்கும் சந்தைக்குப் போகலாம். அல்லது, அப்பொருளைக் கைவிடலாம். கூலியை விழுங்கி விலையைக் குறைப்பது நான்காவது வழியன்று.

வேலைப்பாட்டின் நுணுக்கங்கள்

முத்து மென்மையான பொருள். வியர்வை, வாசனைத் திரவியம், புளிப்பு ஆகியவை அதன் ஒளியைக் கெடுக்கும். எனவே, எல்லா ஒப்பனையும் முடிந்தபின் அணிந்து, கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்து வைக்குமாறு வாங்குபவருக்கு எழுதிக் கொடுத்தல் நன்று. கோக்கும்போது ஒவ்வொரு முத்துக்கும் இடையே ஒரு முடிச்சு இட வேண்டும். இதனால் முத்துக்கள் ஒன்றோடொன்று உராயா. நூல் அறுந்தாலும் ஒரு முத்தே விழும். முடிச்சிட்ட மாலைக்கு நேரம் அதிகமாகும். ஆயினும், இரண்டு முறை அறுந்து திரும்பி வரும் மாலையைவிட அது மலிவே.

சங்கையும் சிப்பியையும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு செய்யும். ஆகவே நீர் விட்டு நனைத்தே தேய்க்க வேண்டும். முகமூடியும் கண்ணாடியும் அணிய வேண்டும். சமையலறையில் இவ்வேலையைச் செய்தல் ஆகாது. சிப்பியை வெளுக்கச் செய்ய அமிலத்தில் இடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அமிலம் அழுக்கை மட்டும் அன்றிச் சிப்பியின் மேற்படலத்தையும் அரித்துவிடும். இப்பெண்மணி முதலில் பல சிப்பிகளை இவ்வாறு இழந்தே பாடம் கற்றார். இப்போது பல் துலக்கும் பழைய தூரிகையும் சோப்பு நீருமே அவருக்குப் போதுமானவையாக உள்ளன.

வடிவத்தைப் பற்றி ஒரு சொல். திருச்செந்தூர்க் கடைகளில் விற்கும் சிப்பி மாலைகளைப் பார்த்து அதேபோல் செய்தால், அதே விலைக்குத்தான் விற்க வேண்டும். இச்சகோதரி தசரா நெற்றிப் பட்டையின் பிறை வடிவத்தைச் சிறிதாக்கி, சிப்பியில் அறுத்துக் காதணியாக்கினார். அவருடைய ஊரின் முத்திரை அதில் உள்ளது. வேறு ஊரார் அதைச் செய்தாலும், இது குலசேகரன்பட்டினத்துப் பிறை என்று சொல்லும் உரிமை அவருக்கே உண்டு.

நேர்மையும் சட்டமும்

முத்துக் கரையில் விற்பதாலேயே எல்லாவற்றையும் 'தூத்துக்குடி முத்து' என்று கூறும் ஆசை எழும். அது தவறு. உலகச் சந்தையில் இன்று விற்கும் முத்துக்களில் மிகப் பெரும் பகுதி சீன நாட்டு நன்னீர்ப் பண்ணைகளில் விளைந்தவை. அவையும் மெய்யான முத்தே, வளர்ப்பு முத்து. அவ்வாறே எழுதி விற்கலாம். கண்ணாடி மணிக்குப் பூச்சிட்டதைப் போலி முத்து என்றே கூற வேண்டும். மெய் முத்தைப் பல் நுனியில் மெல்ல உரசினால் நுண்மணல் போன்ற சொரசொரப்புத் தோன்றும். பூச்சு மணி வழுவழுப்பாயிருக்கும். துளையின் விளிம்பில் பூச்சு உரிந்திருப்பதும் போலிக்கு அடையாளம்.

பொன் சேர்த்துச் செய்வோர் தர முத்திரை விதிகளை அறிதல் வேண்டும். 2021-ஆம் ஆண்டு சூன் முதல் மாவட்டந்தோறும் படிப்படியாக இது கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், முத்திரையிட்ட பொன் நகையில் ஆறு இலக்க அடையாள எண்ணும் இருத்தல் வேண்டும். சிறு வணிகர்க்குச் சில விலக்குகள் உண்டு. எனினும், முத்திரை வாங்குபவரின் நம்பிக்கையைப் பெற்றுத் தருவதால் அதைச் சுமையாகக் கருதலாகாது.

கடற்பொருளைக் கையாள்வோர் இன்னொன்றையும் மறத்தலாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, இராட்சதச் சிப்பி முதலியவை 2001-ஆம் ஆண்டிலிருந்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டாயினும் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமே. அறியாமல் வாங்கினேன் என்பது வழக்கில் உதவாது. யாரிடம், எந்நாளில், எவ்வகைச் சிப்பி வாங்கினோம் என்று ஒரு சீட்டு எழுதி வைத்தல் நற்பழக்கம். ஐயமாயின் வனத்துறை அலுவலரைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். முத்துப் பார்கள் வறண்ட கதையைக் கண்ட கரை நம்முடையது. எடுக்க எடுக்கக் குறையாத கடல் என்று எதுவும் இல்லை.

ஆண்டு முழுவதும் சந்தை

இச்சகோதரி இப்போது ஆண்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டுள்ளார். ஆடி முதல் புரட்டாசி வரை தசரா அணிகள். அவற்றையும் முன்பணம் பெற்ற பின்னரே செய்கிறார். இருப்புக்கென்று செய்பவை சிலவே. ஐப்பசி முதல் தை வரை திருச்செந்தூருக்கு வரும் பக்தர்களுக்கான சிறு காதணிகளும் மாலைகளும். மீதி மாதங்களில் அறுந்த மாலைகளை மறுபடி கோத்துக் கொடுக்கும் வேலை. இம்மூன்றில் கடைசி வேலைக்கு மூலப்பொருட் செலவு மிகக் குறைவு. வருவதெல்லாம் ஏறக்குறைய கூலியே. அவரே எதிர்பாராத வகையில் இதுவே நிலையான வருவாயாயிற்று.

கடன் பெறவும் நல்ல வழிகள் உள்ளன. குழுவின் சேமிப்பிலிருந்து பெறும் கடன் முதலாவது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விசுவகர்மாத் திட்டத்தில் பொற்கொல்லர் உள்ளிட்ட 18 தொழில்களுக்குப் பயிற்சியும் குறைந்த வட்டிக் கடனும் உண்டு. தம் தொழில் அப்பட்டியலில் அடங்குமா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ மாவட்டத் தொழில் மையத்திலோ கேட்டு அறியலாம். ஆனால், கணக்கு நோட்டு இல்லாதவருக்குக் கடன் உதவியாகாது. இன்னொரு பாரமே ஆகும்.

சென்ற முறை நாம் சென்றபோது, பரணில் கிடந்த பழைய கிரீடங்களைப் பிரித்து, கெடாத கற்களைச் சல்லடையில் இட்டு அளவு பிரித்துக்கொண்டிருந்தார். பொன் குண்டுகளில் ஒரு பகுதியை மீட்டுவிட்டதாகவும், மீதியை அடுத்த தசராவுக்குள் மீட்பதாகவும் கூறினார். நோட்டைக் காட்டினார். கூலிப் பத்தி ஒரு நாளும் விடாமல் நிரம்பியிருந்தது.

கிராமப் பெண்களிடம் கைத்திறன் குறைவன்று. தம் உழைப்புக்கு விலை உண்டு என்ற எண்ணமே குறைவு. பயிற்சி நடத்தும் நம் போன்ற அலுவலர்கள் முதல் நாளிலேயே ஊசியோடு எழுதுகோலையும் அவர்கள் கையில் கொடுப்போமாக.